ஜாடிக்குக் காற்று விடுதல்

கன்னியப்பா,
நேற்று ராத்திரி ஜாடியை நீ திறக்கவே இல்லை.
காலையில் வந்து பார்க்கிறேன், மூடி உப்பிக் கிடக்கிறது.
திருகியதும் புஸ்ஸென்று அது விட்ட பெருமூச்சில்
பக்கத்துப் போர்ஷன் ரமணம்மா
கேஸ் லீக் என்று தெலுங்கில் அலறிக்கொண்டு வந்துவிட்டாள்.
ஊறுகாய்தான் என்றேன்.
ஊறுகாய் மூச்சு விடுமா என்றாள்.
இந்த வீட்டில் அது ஒன்றுதான்
மனதில் இருப்பதைச் சொல்கிறது.

எனக்கு இரவு, உனக்குப் பகல்.
ஆரம்பாக்கம் கூட்டுரோட்டில் நான் இறங்கும் வேனில்
நீ ஏறுகிறாய்.
'சீட்டு இன்னும் சூடா இருந்துச்சு' என்று
ஒருநாள் ஏதோ சொல்ல வந்தாய்.
டிரைவர் ஆரன் அடித்தான்.
மீதி வாக்கியத்தோடு வேன்
செக்போஸ்ட் தாண்டி தடாவுக்குப் போய்விட்டது.

கேண்டீனில் முதல் நாள்
தொக்பொக்கி என்று எழுதிப் போட்டிருந்தார்கள்.
தக்காளித் தொக்காக்கும் என்று தட்டை நீட்டினேன்.
சிவப்புக் குழம்பில் வெள்ளை வெள்ளையாய் விரல்கள்.
கடித்தால் வழுக்கியது, விட்டால் ஒட்டியது,
வெல்லம் மாதிரி உள்ளே போய்
தொண்டைக்குக் கீழே இறங்கியபின்தான்
தான் யாரென்று சொன்னது.
மூக்கைத் துடைத்துக்கொண்டு
மறுபடியும் வரிசையில் நின்றேன்.

வீட்டில் செய்ய என்ன பெரிய வித்தை?
அரிசி மாவை வெந்நீரில் பிசைந்து
சுண்டுவிரல் கனத்தில் உருட்டி
இட்லிப் பானையில் ஏற்றினால் ஆயிற்று.
கொழுக்கட்டைதானே என்றாய். இனிமேல் சொல்லாதே.
ஓவர்டைம் பணத்தில் வாங்கிய மிளகாய் விழுது டப்பா
அடி சுரண்டும் நிலைக்கு வந்துவிட்டது.
குழம்புக்குத் தண்ணீர் மட்டும் நம் ஊருடையது:
பழவேற்காட்டு நெத்திலிக் கருவாடு,
தலை கிள்ளிக் கொதிக்கவிட்டு வடித்தது.
கடல் வேறுதான்.
நெத்திலிக்கு அது தெரியாது.

சீனக் கோஸ் விலையைக் கேட்டுவிட்டு
முள்ளங்கி வாங்கி வந்தவள் நான்.
துண்டு போட்டு, கல்லுப்பில் புரட்டி,
ஒரு மணி நேரம் அழவிட்டேன்.
குண்டூர் மிளகாயை அப்படியே போட்டால்
கொரியாக்காரனே எழுந்து ஓடுவான்;
விதை உதிர்த்து, காஷ்மீர் மிளகாய் பாதி சேர்த்து
ரவைப் பதத்துக்குத் திரித்தேன்.
பூண்டை நசுக்கியது நீ.
நாம் இருவரும் வீட்டிலிருந்த
அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமை.
காலையில் நான், இரவில் நீ,
தினம் இருமுறை மூடி திறக்கவேண்டும் என்று
பேசிக்கொண்டோம்.

பிறகுதான் சீட்டுப் பணம் உன் தம்பிக்குப் போன கதையை
லைனில் நிற்கும் பத்மலதா சொல்லித் தெரிந்துகொண்டேன்.
உன்னிடம் கேட்க எந்த ஷிப்டில் நேரம்?
அன்றைய வாணலியில் கேட்டேன்.
மூன்று ஸ்பூன். நாலாவது, உன் தம்பி பேருக்கு.
காலையில் வாணலி கழுவிக் கவிழ்ந்திருந்தது.
தயிர்ச் சட்டியும் காலி.
துண்டுச் சீட்டில், 'நெத்திலி அருமை.'
அவ்வளவுதான்.

இன்று ரமணம்மாவை அனுப்பிவிட்டு
சிந்திய சாற்றைத் துடைக்கக் குனிந்தபோதுதான் கண்டேன்.
சிலிண்டருக்குப் பின்னால்
பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்.
உள்ளே வெள்ளரிக்காய், ஒன்று கட்டை, ஒன்று தாள்,
ஒரே அளவில் இரண்டு துண்டு இல்லை.
மேலே பேண்டேஜ் ஒட்டி அதில் தேதி எழுதியிருக்கிறாய்.
நேற்று ராத்திரித் தேதி.
பேண்டேஜ் எதற்கு எடுத்தாயோ,
இன்று வேனில் உன் கையை நான் பார்க்கவில்லை.

ஒரு துண்டு தின்றேன்.
உப்பு அதிகம்.
சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.
இன்னொன்றும் தின்றேன்.
நாக்கு எரிய, கண்ணில் நீர் வழியக்
கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன்.
ஆந்திரத்துக்கு நல்வரவு என்கிறது போன்.
இந்த அறையிலிருந்து நான் அசையவே இல்லை.

சாயங்காலம் வந்ததும் இரண்டு மூடியையும் திற.
முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்.
வாணலியில் ஒரு ஸ்பூன்தான் போட்டிருக்கிறேன்;
டப்பாவில் இருந்ததே அவ்வளவுதான் என்று
நீ நினைத்துக்கொள்வாய்.