மதிப்பீட்டு நாள்: ஜூலை 31

மஸ்கட்டில், கலா தொழிற்பேட்டையில்,
டயர்க் கடைக்கும் சிமெண்ட் கிடங்குக்கும் பின்னால்
எங்கள் அலுவலகம்.
கண்ணாடிக்கு வெளியே நாற்பத்தேழு டிகிரி.
அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

நான் எழுத வேண்டியது
ஆதம் ஊருக்குத் தெற்கே மூடிக் கிடக்கும்
ஒரு கிணற்றின் சூடு.
ஆழம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர்.
அடியில் நூற்றுப் பதினெட்டு.
தொண்ணூற்றாறில் எண்ணெய் தேடிப் போனவர்கள்
தண்ணீரைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கி
சிமெண்ட் ஊற்றி அடைத்துவிட்டு வந்தார்கள்.
எவ்வளவு வரும், எத்தனை வருஷம் வரும்
என்று அவர்கள் கேட்கவில்லை.
சூட்டைக்கூட, சேறு சுற்றி நின்ற ஆறாவது மணியில்
அவசரமாக அளந்திருக்கிறார்கள்.
பாறை தன் சூட்டுக்குத் திரும்பியிருக்காது.
உண்மை இதைவிடக் கூட.
எவ்வளவு கூட?

மூன்று அச்சு, மூன்று எண்.
முதலாவது: ஊர் ஏற்குமா, கணக்குக் கட்டுமா.
இரண்டாவது: செய்து காட்ட முடியுமா.
மூன்றாவது: உனக்கு எவ்வளவு தெரியும்.

மூன்றாவதில்தான் ஆட்கள் பொய் சொல்வார்கள்.

இ3. எஃப்3. ஜி4.
அனுப்பிவிட்டுத் தேநீர் ஊற்றுவதற்குள் பதில்.
“மிருணாளினி, ஜி-யில் ஒன்று போடுங்கள்.
வியாழக்கிழமை முதலீட்டாளர் வருகிறார்.
சூடு இருக்கிறதா இல்லையா?
கீர்த்திவாசன்.”

இருக்கிறது சார்.
எங்கே தோண்டினாலும் இருக்கிறது.
எண் சூட்டுக்கு இல்லை, திட்டத்துக்கு:
இந்த இரண்டு கிணறு, இந்தக் குழாய்,
சூட்டைக் கொடுத்துக் குளிரை வாங்கும் இந்த யந்திரம்,
மூவாயிரம் வீடு, முப்பது வருஷம்
என்று எழுதி
அழித்து
“நீரோட்டச் சோதனை நடக்கவில்லை” என்று மட்டும் அனுப்பினேன்.

மாலையில் வெந்நீர் ஊற்றுக்குப் போனேன்,
பின்னிணைப்புக்கு ஒரு வெப்ப அளவு வேண்டும்.
வாய்க்காலில் பேண்ட்டைச் சுருட்டிவிட்டு
மெக்கானிக்குகள், லாரி ஓட்டுநர்கள், இரண்டு சமையல்காரர்கள்.
ஓரத்தில் முதுகை நீருக்குக் கொடுத்தபடி
இசக்கித்துரை. ரிக் வேலை. இருபத்தெட்டு வருஷம்.

“இது எந்தக் கட்டத்துல வரும் மேடம்?”

மீட்டர் இல்லை, விற்பனை இல்லை, ஒப்பந்தம் இல்லை.
திட்டம் என்று ஒருவர்கூடப் பெயர் வைக்கவில்லை.
“எதிலயும் வராதுண்ணே.”
“நல்லதாப் போச்சு. எழுதிட்டா
டிக்கெட்டு போட்டுருவானுவ.”

வெப்பமானிக் கம்பியை இறக்கும்போது
எந்தக் கிணறு என்று கேட்டார். சொன்னேன்.
முதுகை நீரிலிருந்து எடுத்தார்.

“அதுல நான் நின்னேன்லா. புதுசா வந்த வருசம்.
குழாய இழுக்கையில தண்ணி பீறிட்டு வந்துச்சு.
ராத்திரி பூரா. கையுறையோட தொட முடியல.
விடியத்தான் அடைச்சோம்.”

தினப்பதிவை நான்கு முறை படித்திருக்கிறேன்.
அந்த இரவுக்கு நேரே
பழுது பார்ப்பு என்று ஒரே சொல்.
“எழுதலியேண்ணே.”
“எண்ணெய் வந்தாத்தான எழுதுவான்.”

திரும்பி வந்தபோது அலுவலகத்தில் யாருமில்லை.
ஒரு ராத்திரி என்பது எத்தனை லிட்டர்?
நான்கைத் தொடவில்லை.
ஒரு மனிதரின் ஞாபகத்துக்கு
இந்த அச்சில் கோடு கிழிக்கவில்லை.
குறிப்புப் பகுதியில் மட்டும்:
துளையிட்ட குழுவில் இருந்த திரு. இசக்கித்துரை,
இரவு முழுதும் வெந்நீர் வந்ததாகச் சொல்கிறார்.
பதிவில் இல்லை.
கிணற்றைத் திறந்து ஓட்டிப் பார்க்கவும்.

கீழே என் பெயர், தகுதி, கையெழுத்து.
மதிப்பீட்டு நாள் ஜூலை 31.
காலில் இன்னும் வெதுவெதுப்பு.
ஏசியை இருபத்திரண்டுக்கு இறக்கினேன்.