ஒரு கிலோ சர்க்கரை

தானம் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இதற்கு நானூற்றைம்பது யூரோ கேட்கிறார் கெய்யோ.
ஆகவே பார்க்கிறேன்.
குழலின் அடியில் கைப்பேசி வெளிச்சம்.
முறுக்கிக்கொண்டு ஓடும் வரிகள்
இன்னும் கூர்மையாகத்தான் இருக்கின்றன.
வாயோரம் மட்டும் லேசான தேய்மானம்,
துடைப்புக்கோல் வருடக்கணக்கில்
தவறான பக்கத்திலிருந்து நுழைந்த தடம்.
யாரோ அவசரக்காரர்.

கயானி நகரம். மார்ச்.
சுடுதளக் கொட்டகையின் மின்கணப்பு
முழங்கால் வரைக்கும்தான் எட்டுகிறது.

"அம்பது வருஷத்துச் சாமான்" என்கிறார்.
பெருமையா, மன்னிப்பா, தெரியவில்லை.
ஏன் விற்கிறீர்கள் என்றேன்.
படகுக்கு மோட்டார் வேண்டுமாம்,
ஏரி உருகுவதற்குள்.
பொய் சொல்பவர்
இதைவிட நல்ல காரணம் சொல்லியிருப்பார்.

பையிலிருந்து சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்தேன்.
சிரித்தார். சிரிக்கட்டும்.
தோட்டா இல்லையென்று இருவரும் இரண்டு முறை பார்த்து,
குழல் கூரையை நோக்க,
விசையில் சணல் சுருக்கு மாட்டி
சுருக்கில் ஒரு கிலோவைத் தொங்கவிட்டேன்.
போட்டி விதி அது. விசை தாங்க வேண்டும்.
தாங்கவில்லை.
டிக்.
சர்க்கரை ஊசலாடியது.
கெய்யோ திருகாணியைக் கால் சுற்று இறுக்கினார்.
டிக்.
இன்னும் கால் சுற்று. நின்றது.
திருகாணிக்கு இனி நகர இடமில்லை என்பதை
அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்,
பிறகு இருவருமே
சன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தோம்.

கடைசியில் பல்தான் பிரச்சினை:
உள்ளே சுத்தியலைப் பிடித்து நிறுத்தும்
மிளகளவு எஃகுப் பல்.
மாற்றுப் பல் எந்தக் கடையிலும் கிடைக்காது.
குவோப்பியோவில் ஒருவர் கடைந்து தருவாராம்.
எட்டு வாரம், நூற்றிருபது யூரோ,
போனை எடுத்தால்.

ஐந்து சுட்டேன், இருபத்தைந்து மீட்டரில்.
நான்கு, ஒரு காப்பிக் கோப்பையின் வாயளவுக்குள்.
ஐந்தாவது
இடப்பக்கம் வெகுதூரம், ஒன்பது மணித் திசையில்,
விருந்தில் யாரையும் தெரியாதவன்போல் தனியாக.

அது யாருடையது?
துப்பாக்கியைக் கேட்டால் என் கையைக் காட்டும்.
கையைக் கேட்டால் துப்பாக்கியின் வயதைச் சொல்லும்.
உள்ளதைச் சொல்கிறேன்:
ஐந்தாவதின்போது நான் குறிமுனையைப் பார்க்கவில்லை.
நானூற்றைம்பதிலிருந்து
நூற்றிருபதைக் கழித்துக்கொண்டிருந்தேன்.

"முந்நூற்று முப்பது" என்றேன்.
மோட்டாரின் விலையை யோசிக்கும் முகம் அவருக்கு.
"நானூறு. ரெண்டாவது மேகசினும் சேர்த்து."
இரண்டாவது மேகசின்
மூன்றாம் தோட்டாவில் சிக்குகிறது.
அதையும் அவரே சொன்னார்.

பிடியைக் கழற்றிப் பார்த்தேன்.
வால்நட் மரம், வியர்வையில் கறுத்தது.
உட்புறம் பென்சிலில்:
எஸ்தெரி, 1974, கட்டைவிரலுக்கு இன்னும் கொஞ்சம்.
யார் என்றேன்.
கெய்யோவுக்குத் தெரியாது,
அவருக்கு விற்றவருக்கும் தெரிந்திருக்காது.
என் கட்டைவிரல் அவள் குழிக்குள் தொலைந்துபோகிறது.
சுண்டுவிரலுக்கோ இடமே இல்லை.
பெரிய கை, குறுகிய உள்ளங்கை.
அல்லது உறை போட்டுக்கொண்டு சுட்டாளோ?

அனுமதிச் சீட்டு இன்னும் காவல்துறை மேசையில்.
அது வராமல் வாங்க முடியாது, கொண்டுபோகவும் முடியாது.
"பிடியை மட்டும் எடுத்துப் போங்க" என்றார்,
"மரத்துக்குச் சட்டமில்ல."

அந்த வாரம் முழுக்க
நாலாம் எண் பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில்
எனக்குக் கிடைக்கும் ஆறு நிமிடத்தில்
ஸ்டியரிங்கை விட்டுவிட்டு
துப்பாக்கி இல்லாத பிடியைப் பிடித்திருந்தேன்.
முன்கண்ணாடிக்கு அப்பால் ஒரு மின்கம்பம்.
கை நீட்டி, மூச்சைப் பாதியில் நிறுத்தி,
ஒன்றுமில்லாததை அதன் மேல் நிறுத்தினேன்.
ஏறிய பையன் ஒருவன்
பயணச்சீட்டை நீட்ட மறந்து நின்றான்.

கணக்குப் போட்டால் வேண்டாம் என்றே வருகிறது.
பல், மேகசின், வாய்த் தேய்மானம்.
புதியது ஆயிரத்து அறுநூறு,
அதில் எதுவும் சிக்காது, எதுவும் எழுதியிருக்காது.
கணக்கு சரிதான்.
இரண்டு முறை போட்டேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து
இரும்புக் கடையில்
அரைவட்ட அரம் ஒன்று வாங்கினேன்,
மரத்துக்கானது, நேர்த்தியான பல்.
பன்னிரண்டு யூரோ.
பல்லைத் தடவிப் பார்த்துத்தான்.
சுண்டுவிரல் பக்கம்தான் முதலில்.
கட்டைவிரல் குழியை
இப்போதைக்குத் தொடப்போவதில்லை.