பதினாறு சில்லு

பாபு ராவ் தெரு லாட்ஜில்
இரவு மேசை என்னுடையது.
கணினியும் என்னுடையது மாதிரிதான்,
அது நின்றால் திட்டு எனக்கு.
ரேம் இரண்டு ஜிபி.
அயல்நாட்டார் படிவத்தைத் திறந்தால்
வட்டம் சுற்றத் தொடங்கும்.
தண்ணீர்க் கேன் மாற்றி, ஏழாம் அறைக்குச் சாவி கொடுத்து,
கொசுவத்தி கொளுத்தி வந்தாலும்
சுற்றிக்கொண்டிருக்கும்.

எதிரே ராஜ்ஷாஹியிலிருந்து வந்த ஷஃபிகுல்.
பாஸ்போர்ட் என் கையில்.
அவசரமில்லை திதி, என்றான்.
அவன் பாஷையில் திதி என்றால் அக்காவாம்.
எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.
அன்று படிவம் ஏறும்போது மணி ஒன்றே கால்.
தங்கும் நாட்கள்: ஏழு.

முதலாளி கஜபதி ஆன்லைனில் ஒரு ரேம் வாங்கினார்.
பத்து வருச வாரன்டி, பளபளவென்று பொன்பல்.
பல்வரிசை நடுவில் அதற்கொரு பள்ளம்,
எங்கள் போர்டில் ஒரு மேடு.
இரண்டும் சந்திக்க
நாலைந்து மில்லிமீட்டர் மனசில்லை.
"அழுத்தும்மா" என்றார்.
இது டிடிஆர் நான்கு சார், போர்டு மூன்று,
அழுத்திச் சேர்கிற சம்பந்தமில்லை
என்று சொல்லவில்லை.
விரலை எடுத்துக்கொண்டேன்.

லாங் பஜாரிலிருந்து இம்தியாஸ் வந்தான்,
கடை மூடிய கையோடு.
டிடிஆர் மூன்று, நாலு ஜிபி,
பள்ளமும் மேடும் பொருந்திக் கிளிப் விழுந்தது.
சுவிட்சைத் தட்டினேன்.
நீளமாக ஓர் அலறல்.
நிறுத்தி, மறுபடி.
மாடியில் இரண்டு அறைகளில் விளக்கெரிந்தது.
இம்தியாஸ் அதைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தான்:
"ஒரு பக்கம்தான் சில்லு. எட்டே எட்டு, பெரிசு பெரிசா.
இந்தக் கிழ போர்டுக்குப் பெரிய கவளம் இறங்காதுக்கா.
அதே நாலு ஜிபியப் பதினாறா உருட்டித் தரணும்."

மறுநாள் சத்துவாச்சாரி பழைய சாமான் கடை.
ஏதோ பாலிடெக்னிக் ஏலம் விட்டது, ஒரு சாக்கு.
மே மாத மத்தியானம், மேலே தகரக் கூரை.
ஒவ்வொன்றாய் எடுத்து
நகத்தால் தொட்டு எண்ணினேன்.
எட்டு. திருப்பினால் வெறுமை.
எட்டு, வெறுமை.
லேப்டாப்புக்கான குட்டை.
பதினாறு, ஆனால் டிடிஆர் இரண்டு.
ஸ்டிக்கரில் 'எல்' போட்ட ஒன்றை,
குறைந்த வோல்ட்டாம், ஓரமாக வைத்தேன்.
கடைக்காரர் கேட்டார்: "அரிசியில கல் பொறுக்குறியாம்மா?"
முன்னூற்றைம்பது வீதம் இரண்டு கிடைத்தன.
பள்ளிக்கூட ரப்பரால் பல் தேய்த்துவிட்டேன்.

இரவு, ஒரே ஒரு சின்னக் கீச்சு.
திரை வந்தது.
போர்டு எட்டையும் ஏற்றது.
எழுத்தில் எட்டு ஜிபி,
பக்கத்திலேயே அடைப்புக்குள்
பயன்படுவது மூன்றேகால்.
ஆறுண்டு நீரில்லை, கோட்டையுண்டு ராஜாவில்லை என்று
எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள்.
சேர்த்துக்கொள்ளட்டும் இதையும்.
போனில் இம்தியாஸ் சிரித்தான்:
"அது முப்பத்திரண்டு பிட் விண்டோஸ்க்கா.
அறுபத்துநாலு போட்டா உங்க பிரிண்டர் பேசாது."
ஒன்றைக் கழற்றிப் பழைய பில் தாளில் சுற்றி
மேசை டிராயரில் வைத்தேன்.
முதலாளியிடம் எட்டு என்றே சொன்னேன்.

பதினோரு மணிக்கு ஷஃபிகுல் இறங்கி வந்தான்.
ஏழு நாள் முடிந்திருந்தது.
திறந்து கிடந்த பெட்டியை எட்டிப் பார்த்து,
"மேட்ச் ஹோ கயா, திதி?" என்றான்.
ஆச்சு, என்று தலையாட்டினேன்,
முகமெல்லாம் பல்லாக.

பிறகுதான் நினைவு வந்தது.
பதினோராம் அறையில் அவன் தங்கை.
வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில்
அவள் ரத்தத்தைக் கழுவி அனுப்புகிறார்கள்.
போன வாரம் இவன் முழங்கை மடிப்பில்
பஞ்சு ஒட்டியிருந்தது.
முடிவு வந்ததா என்று நான் கேட்கவில்லை.
அவனும் எதுவும் சொல்லவில்லை.

படிவம் கண்ணிமைப்பதற்குள் திறந்தது.
பெயர் இருந்தது, படம் இருந்தது.
இன்னும் எத்தனை நாள், என்ற கட்டத்தில்
கோடு விட்டுவிட்டு மின்னிற்று.
அவன் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
கணினி சுற்றவில்லை, திணறவில்லை,
சும்மா காத்திருந்தது.

அவசரமில்லை, என்றேன்.
தமிழில்தான் வந்தது.