சீக்கு

சிக் என்றுதான் கப்பலேறி வந்திருக்கும்.
குறில். ஒரு விக்கல் அளவு.
அயோத்தியாப்பட்டணம் வந்து இறங்குவதற்குள்
யாரோ அதை இழுத்து நெடிலாக்கிவிட்டார்கள்.
குறிலாய் வருவது ரெண்டு நாளில் போய்விடும்,
நெடில்தான் பாய் போட்டு உட்காரும் என்று
தெரிந்த யாரோ.

ஜவ்வரிசி ஆலையில் ஆள்கணக்கு எழுதுகிறவள் நான்,
பதினேழு வருடமாக.
வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் சுழி,
சொல்லியனுப்பிவிட்டுப் படுத்திருந்தால் 'சீ'.
'சீ'க்கு அரைக்கூலி உண்டு.
மாதேஸ்வரன் ஒருநாள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து
"ஏக்கா, எம் பேருக்கு நேரா
சீன்னு எழுதி வெச்சிருக்கறீங்களே" என்றான்.
அன்றிலிருந்து முழுசாக எழுதிப் பார்க்கிறேன்.
கட்டம் போதவில்லை.

சந்தையில்
கழுத்தைத் தொங்கப்போட்ட கோழி பாதி விலை.
பழனியாயி காலைப் பிடித்துத் தூக்கிக் கேட்பாள்:
"சீக்கா, தூக்கமா?"
விற்கிற ஆள் இதுவரை
தூக்கம் என்றே சொல்லியிருக்கிறான்.

என்னைப் பெண்பார்க்க ஓமலூரிலிருந்து வந்தவர்கள்
"புள்ள சீக்காளியாட்டம் இருக்குது" என்றார்கள்,
கேசரியை வழித்துத் தின்றபிறகு.
அப்போது எனக்கு எடை நாற்பத்தொன்று.
சீக்கு எதுவும் இல்லை.
பசி இருந்தது.

ஏற்காடு பஸ்ஸில்
பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவுக்கு
அது ஒரு பாலித்தீன் பை.
கண்டக்டர் கேட்காமலேயே நீட்டினார்,
மகள் மௌனிகாவின் முகத்தைப் பார்த்து.
இப்போது அவள் பெங்களூரில்.
விடுதிக்குப் போன முதல் மாதம்
ஹோம்சிக் என்று அழுதாள்.
வீடு பிடித்த நோயா, வீடு பிடிக்காத நோயா
என்று எனக்குக் குழப்பம்.
இங்கே அதை ஏங்கிப்போச்சு என்போம்,
மந்திரித்துக் கயிறு கட்டுவோம்.
கயிற்றைக் கூரியரில் அனுப்பினேன்.
போன வாரம் ஏதோ ஒரு பாட்டை
"செம சிக், அம்மா" என்கிறாள்.
பாடினவனுக்கு என்னவென்று கேட்டேன்.
சிரிப்பு அடங்காமல் போனை வைத்துவிட்டாள்.

ஆடியில் வங்கியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்.
களத்தில் காய்ந்த மாவை மிதித்துவிடாமல்
ஓரமாகவே சுற்றினார்கள்.
அந்த மட்டும் மரியாதை தெரிந்தவர்கள்.
எதிரே சேர்வராயன் மலை
மேகத்தை முக்காடு போட்டிருந்தது.
முதலாளி சென்னகிருஷ்ணன் அவர்களுக்கு இளநீர் வெட்டச் சொன்னார்,
பிறகு தானே வெட்டினார்.
ஒருவர் குடித்து முடித்து,
கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:
"பேப்பர்ல இனிமே இது சிக் யூனிட்."
குறிலில்தான் சொன்னார்.

பழனியாயிக்கு நெடிலாகத்தான் கேட்டது.
"ஆலைக்கா? என்ன சீக்குங்க?"
பதில் வரவில்லை.
இளநீர்க் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள்
எழுந்து போய்
மூன்று வாரமாய் எரியாத கொதிகலனில்
புறங்கையை வைத்துப் பார்த்தாள்,
பிள்ளைக்கு நெற்றி தொடுகிற மாதிரி.
"சில்லுனுதான இருக்குது" என்றாள்.
வங்கிக்காரர்கள் காருக்கு நடந்தார்கள்.

மறுநாள் இருபத்தொன்பது பேரும் வந்திருந்தார்கள்.
சீக்கு சொல்லி ஒருவர்கூட நிற்கவில்லை.
பதினேழு வருடத்தில் அப்படி ஒரு பக்கத்தை
நான் எழுதியதே இல்லை,
மேலிருந்து கீழ்வரை வெறும் கோடு.
எழுதி முடித்தும் பேனாவை மூடாமல் இருந்தேன்.
வேலை இல்லை என்று சொல்ல
பதினொரு மணிவரை
யாருக்கும் வாய் வரவில்லை.

மத்தியான டவுன் பஸ்ஸில்
பழனியாயிக்கு இருமல் பிடித்துக்கொண்டது.
அவளுக்கு எப்போதும் உள்ளதுதான், மாவு இருமல்;
அதற்கு என் நோட்டில் எழுத்து கிடையாது.
மகளிர் சீட்டைக் கிழித்துக்கொண்டே கண்டக்டர் கேட்டார்:
"சீக்குங்களா?"

"எனக்கில்ல" என்றாள்,
"ஆலைக்கு."
சீட்டை நாலாக மடித்து
சுருக்குப் பையில் வைத்தாள்.