அரைக் கண்

அம்பகாமத்துச் சபையில் கரும்பலகை இல்லை.
எலியேசர் பாஸ்ரர் தகரச் சுவரில்
சோக்கட்டியால் ஒரு கண் கீறினார்.
தகரம் நெளிந்திருந்ததால் கண்ணும் நெளிந்தது.
"வில்லை, விழித்திரை, நரம்பு.
ஒண்டு குறைஞ்சாலும் பார்வையில்லை.
படிப்படியா வந்ததெண்டு சொல்லுறாங்கள்.
அரைக் கண்ணால ஆருக்கு என்ன பிரயோசனம்?"
வாங்கில் இருந்தவர்கள் ஆமென் என்றார்கள்.
நானும்.
தம்பி யோகசீலன் சொல்லவில்லை.

அவனுக்கு ஒரு கண் இல்லை.
மற்றதில் செல்துண்டு விட்டுவைத்தது
வெளிச்சம், நிழல், அவ்வளவுதான்.
அதை வைத்துக்கொண்டு
பதினேழு மாடு மேய்க்கிறான்.
தாழ்ந்த கிளைக்குக் குனிகிறான்.
போன மாரியில் குளக்கட்டில்
இருட்டுக்குள் இன்னொரு இருட்டு அசைந்தபோது
நின்றுவிட்டான்.
யானை போனபிறகுதான் மூச்சு விட்டான்.
அரைக் கண்கூட இல்லை அது, பாஸ்ரர்.
பழைய கணக்கில் சொன்னால் அரைக்கால்.
அந்தச் சொல்லை எங்கள் வேலையில்
யாரும் வாயால் எடுப்பதில்லை.

நான் இதைச் சொல்லவில்லை.
முகாமால் வந்த மாதம்
கூரைத் தகரம் தந்தவர் அவர்.
கேட்காமல் தந்தவரிடம் எப்படிக் கேட்பது?

மற்ற ஞாயிறு மண்ணைப் பற்றி.
அடுக்கடுக்காய்ப் படியக் கோடி வருசம் வேண்டாம்,
ஒரே வெள்ளம், ஒரே வருசம் போதும் என்றார்.
இதில் அவரைக் கொஞ்சம் நம்பினேன்.
கண்ணிவெடி எடுக்கிறவள் நான்.
ஒரு அடுக்கு விழ எத்தனை நாள் வேண்டும் என்று
முழங்காலில் நின்று படித்தவள்.
மேலே சருகு, ஒரு விரற்கடை.
கீழே சைக்கிள் மணி, சேலைன் குழாய்,
பால்மா ரின் மூடி, வளையல் துண்டு,
ஒற்றைச் செருப்பு, சின்னது.
எல்லாம் ஒரே மாரிக்குள் விழுந்தவை.

அதற்கும் கீழே கிறவல்.
உள்ளங்கையில் எடுத்து உருட்டிப் பார்த்தேன்.
ஒவ்வொரு கல்லும் உருண்டை.
வளையலின் முனையோ
இத்தனை வருசத்துக்குப் பிறகும்
கையுறையைக் கிழிக்கிறது.
அவசரமாய் விழுந்ததுக்கு முனை இருக்கும்.

"மணலில ஒரு மணிக்கூடு கிடந்தா
செய்தவன் ஒருத்தன் இருக்கிறான் எண்டு
சொல்லுவியளோ மாட்டியளோ?"
சொல்லுவேன், பாஸ்ரர். தினமும் சொல்கிறேன்.
பச்சை நிறம், உள்ளங்கை அளவு.
கருவி கத்தாதபடி இரும்பைக் குறைத்திருக்கிறான்.
குதிக்காலின் பாரத்துக்கு மூடியை அளந்திருக்கிறான்.
விழுந்தவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்று
சாகாத அளவுக்கு மருந்து வைத்திருக்கிறான்.
ஒரு பிழை சொல்ல முடியாத வேலை.
பிழையில்லாத வடிவம் கண்டால்
நான் கையை எடுத்துவிடுகிறேன்.

போன புதன்கிழமை ஒன்றை
வீரை வேர் சுற்றிப் பிடித்திருந்தது.
வந்து முட்டி, தடித்து, கவர் விட்டு,
ஒரு கவர் உக்கிப்போக
மற்றது வழி கண்டு அப்பால் போயிருந்தது.
கோணல் வேர். யாரும் கீறித் தராத பாதை.
அதை அறுக்காமல் வெடியை எடுக்க
மத்தியானம் முழுக்கப் போனது.
சுப்பவைசர் இரண்டு தரம் விசிலடித்தார்.

நேற்று பாஸ்ரர் குரலை உயர்த்தினார்:
"உலகம் தொடங்கேக்க
எந்த விஞ்ஞானி பக்கத்தில நிண்டவன்?
கண்ணால கண்டவனோ?"

சபை அசையவில்லை.
அந்தக் கேள்வி எங்களுக்குப் பழக்கம்.
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்
பைலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டது.
கண்ணால் கண்டீர்களா, அம்மா?
கொண்டுபோனதைக் கண்டீர்களா?
பேனைகூட எடுக்காமல் கேட்டது.

முன்வாங்கில் ஞானரூபி
மடியில் இருந்த படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.
யாரும் ஆமென் சொல்லவில்லை.
பாஸ்ரருக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.
அவருடைய மூத்தவனும் திரும்பி வராதவன்.
அடுத்த வசனத்தைத் தேடித்
தாள்களை நெடுநேரம் புரட்டினார்.

மாடுகளுக்கு நேரமாகிவிட்டது.
தம்பி எழும்பினான்.
வாசல் எங்கே என்று யாரும் சொல்லவில்லை.
வெளிச்சம் கூடின பக்கமாய் நடந்தான்.