நாளுக்கு அரை மணி

வால்வு வெடித்து எட்டு வருஷம்.
இரண்டு கண்ணையும் எடுத்துவிட்டுச்
செயற்கைக் கண் வைத்தார்கள்.
அது பழகிவிட்டது.
பழகாதது தூக்கம்.

டாக்டரம்மா என் மூக்குத்தண்டின் மேல்
விரல் வைத்துச் சொன்னார்:
இதற்கு நேர் உள்ளே, கண் நரம்புகள்
குறுக்கே தாண்டும் முடுக்கில்
அரிசி அளவில் ஒரு கடிகாரம்.
எல்லாருக்கும் அது கொஞ்சம் முன்னே பின்னேதான் ஓடும்.
விடியல் வெளிச்சம் கண்வழி போய்
தினமும் முள்ளைத் திருப்பி வைக்கும்.
உங்களுக்குத் திருப்ப ஆளில்லை.

அதனால் என் நாள் இருபத்து நாலரை மணி.
இன்று பத்துக்குக் கொட்டாவி,
நாளைக்குப் பத்தரை,
அப்புறம் பதினொன்று.
கொருக்குப்பேட்டை கேட்டில் சிக்கிய டிரெய்லர் மாதிரி
நகர்ந்து நகர்ந்து
நாலாவது வாரம் உச்சிவெயிலில் எனக்கு நடுராத்திரி.
வயிறும் அந்த முள்ளைப் பார்த்தே பசிக்கிறது.
உடம்புச் சூடு இறங்குவதும் அதன் கணக்கே;
மே மாத மதியத்தில் போர்வை தேடுவேன்.
"பகல்லயே கவுந்துட்டான் பாரு" என்பார்கள் தெருவில்.
முகர்ந்து பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

ஒரு சுற்று முடிய நாற்பத்தெட்டு நாள்.
கோயிலில் சொன்னால் மண்டலம் என்பார்கள்.
நான் நாற்பத்தெட்டு முறை எழுவதற்குள்
தண்டையார்பேட்டை நாற்பத்தொன்பது முறை எழுந்திருக்கும்.
மண்டலத்துக்கு ஒரு நாள் எங்கோ விழுந்துவிடுகிறது.
இதுவரை அறுபது.
ரேஷன் கடையில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஊரின் எல்லா மணியும் எனக்குப் பழக்கம்.
காற்று இந்தப் பக்கம் அடித்தால்
ஒன்றரைக்குக் காசிமேட்டில் ஐஸ் உடைவது கேட்கும்.
மூன்றுக்கு எக்ஸ்பிரஸ் சாலையில்
கன்டெய்னர் வரிசை ஒரு அடி நகர்ந்து
ஏர் பிரேக்கில் பெருமூச்சு விடும்.
நாலேகாலுக்குப் பால் கிரேட்.
பிறகு பாங்கு.
பிறகு லாரித் தண்ணீருக்கு முதல் குடம், முதல் வசவு.

குணவதி ஆறேகாலுக்குக் கம்பெனி வேன் பிடிக்கிறவள்.
மண்டலத்தில் எட்டொன்பது ராத்திரிதான்
எங்கள் இரண்டு தூக்கமும் ஒரே பாயில் இறங்கும்.
அந்தத் தேதிகளைக் காலண்டரில்
ஸ்கெட்ச் பேனாவால் அவள் வட்டம் போடுவதை
மகள் போட்டுக்கொடுத்தாள்.

இந்த வருஷம் ஒரு மாத்திரை தந்தார்கள்.
இருட்டினால் மூளை தானே சுரப்பதுதானாம்.
இரவு ஒன்பதுக்கு ஒன்று, தவறாமல்.
மூன்று மாதம் பிடித்தது முள் நிற்க.
இப்போது ஊரோடு படுத்து
ஊரோடு எழுகிறேன்.

நேற்று நடுச்சாமம் விழிப்புத் தட்டியது.
பக்கத்தில் பாய் சூடில்லை.
சுவரோரம் வளையல் சத்தம்.
"இன்னாமே, உக்காந்துனுகீற?"
"எட்டு வருசமா
நீ எப்ப எந்திரிச்சி டம்ளர உருட்டுவன்னு
கணக்கு போட்டுக்கினே தூங்கினேன்.
இப்ப போட கணக்கில்ல.
தூக்கம் வர்ல."

எழுந்து போய் டம்ளரை உருட்டினேன்.
சிரித்தாள்.
வெளியே ஒரு பெருமூச்சு. டயர் ஒரு அடி உருண்டது.
மணி மூணு, என்றேன்.
செல்போனைத் தடவிப் பார்த்தவள் சொன்னாள்:
"மூணு அஞ்சு.
அஞ்சு நிமிசம் ஸ்லோவா கீற."