ஐந்துக்கு எத்தனை

இன்பரசன் தம்பி,
நீங்கள் அனுப்பிய படிவத்தை
போன் எனக்கு வாசித்துக் காட்டியது.
ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்துக்கு எத்தனை என்று கேட்கிறது.
அதிர்வு போதுமா? நான்கு.
வார் உறுத்துகிறதா? வியர்த்தால், ஆமாம்.
மற்றதெல்லாம் கட்டத்துக்குள் அடங்கவில்லை.

முதல் நாள் சுடிதாருக்கு மேல் கட்டிக்கொண்டு
வங்கிக்குப் போனேன்.
ஒட்டியாணம் எத்தனை சவரன் என்றாள் கேஷியர் புனிதவல்லி.
எட்டு மோட்டார், ஒரு பேட்டரி என்றேன்.
போக வேண்டிய திக்கில் நின்றால்
தொப்புளுக்கு நேரே ஒரு வண்டு உறுமும்.
திசை தவறினால் விலாவுக்கு நகரும்.
அவ்வளவுதான் அதன் பேச்சு.
'பாவம்' என்ற சொல்லை நீங்கள் அதற்குச் சொல்லித்தரவில்லை.

எனக்குத் தெரிந்த கைகள் வேறு.
முழங்கையைப் பிடிப்பவை,
வெள்ளைக்கோலையே பிடித்து இழுப்பவை,
தோளில் வைத்த பிறகு எடுக்க மறப்பவை.
கச்சேரி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவளை
புண்ணியம் தேடி ஒருவர்
அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார்.
என் பஸ்
இந்தப் பக்கம் வந்தது, நின்றது, போனது.
முப்பத்து நான்கு வருடமாக
யாரோ போகிற வழிதான் என் வழி.
கேட்ட பிறகு தொட்டது
உங்கள் வார் ஒன்றுதான்.

ஆனி பத்து.
தண்ணீர் வந்துவிட்டது என்பது
கடன் கேட்டு வந்த குரல்களிலேயே தெரிந்தது.
விதை, உரம், டிராக்டர் வாடகை,
எல்லாம் அரைக்கட்டை கூட்டிய சுருதியில்.
மாலையில் வீட்டுக்குப் போகும் குறுக்குவழியில்
வார் சொன்னது, நேரே.
கோல் சொன்னது, நில்.
போன வாரம் வரை புழுதியாய்க் கிடந்த வாய்க்கால்.
குறுக்கே கிடந்த பலகையைத்
தூர் வாரியவர்கள் எடுத்துவிட்டார்கள் போல.
நனைகிற மண்ணின் வாசம்.
ஒற்றைத் தவளை.
மதகில் முட்டி முட்டித் திரும்பும் பிளாஸ்டிக் பாட்டில்.
வண்டு விடவில்லை: நேரே, நேரே.
சாட்டிலைட்டுக்குத் தெரு தெரிகிறது,
முறைத் தண்ணீர் தெரியவில்லை.
மேட்டூரைத் திறந்தால் உங்கள் வரைபடத்துக்கு
யாராவது ஒரு மிஸ்டு கால் கொடுக்கட்டும்.

அங்கே நின்றபடிதான்
அந்த இன்னொரு பட்டனை அழுத்தினேன்.
வீடு வேண்டாம், வடக்கு மட்டும் போதும் என்கிற பட்டன்.

வடக்கே ஆறு. அது போதும் எனக்கு.
எந்தத் தெரு என்று யாரையும் கேட்கவில்லை.
வெல்டிங் பட்டறையின் இரும்பு நாற்றம்,
கல்யாண மண்டபத்தில் மைக் டெஸ்ட், ஒன், டூ,
ஒரு பசு என் புறங்கையை முகர்ந்து பார்த்து
சரி போ என்று விட்டது.
இரண்டு முட்டுச்சந்துகள்.
நான் திரும்பத் திரும்ப
வடக்கு என் இடுப்பைச் சுற்றி ஊர்ந்தது,
முதுகுத்தண்டுக்குப் போய், மறுபடி முன்னே.

அம்மா போனில்: எங்கடி இருக்கே?
தெரியலை என்றேன்.
என் குரலில் பயத்தைத் தேடிப் பார்த்து
கிடைக்காமல்
கொஞ்ச நேரம் அம்மா ஒன்றும் பேசவில்லை.

வாய்க்கால்தான் சலசலக்கிறது, தம்பி.
ஆறு சத்தமே போடவில்லை.
அதன் அகலம் மட்டும் முகத்தில் பட்டது.
படிக்கட்டின் முதல் படியில் கோலை இறக்கி
அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.
யாரோ வந்து, எங்கம்மா போகணும் என்றார்.
எங்கேயும் இல்லை என்றேன்.
அவருக்கு அது புரியவில்லை.

படிவத்தில் பதினொன்றாம் கேள்வி:
பயனர் வழி தவறிய தடவைகள்.
ஒன்று என்று போட்டிருக்கிறேன்.
தயவுசெய்து அதைப் பிழைக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

கழற்றி ஆணியில் மாட்டிய பிறகும்
இடது விலாவில் கொஞ்ச நேரம்
வடக்கு இருந்தது.

சார்ஜர் ஒயர் ரொம்பக் குட்டை.
அடுத்ததில் நீளமாகக் கொடுங்கள்.

தையல்நாயகி,
பயிர்க்கடன் பிரிவு, மயிலாடுதுறை